போக்கிமொன் சிவப்பு: தனியாக முடிக்க முடியாத ஒரு விளையாட்டு

அக்காவின் மகளுக்குப் பதினொரு வயது. சித்திரை விடுமுறைக்கு வந்து நின்றபோது எங்கள் வீட்டு அலுமாரியின் அடித்தட்டைக் குடைந்தவள், சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளங்கையை நிறைக்கிற அளவு. முன்பக்கம் சின்னக் கண்ணாடி, அதன் கீழே சிலுவை வடிவத்தில் ஒரு கறுப்புப் பொத்தான். பின்பக்கத்தில் விளையாட்டு அடங்கிய சிவப்புக் கசெற் ஒன்று செருகினபடியே இருந்தது. "மாமா, இதிலை என்ன செய்யவேணும்?" என்று கேட்டாள்.

"மிருகங்களைப் பிடிச்சுச் சண்டை பிடிக்கவேணும்" என்று சொன்னேன். அவளுக்கு அதில் ஆர்வம் வரவில்லை. அம்மாவின் போனில் சண்டை விளையாட்டுகள் எத்தனையோ இருக்கின்றன. இரவு படுத்திருந்து யோசித்தபோதுதான் நான் சொன்ன பதில் பிழை என்று விளங்கியது. அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். போக்கிமொன் என்ற பெயரை மட்டும் கேள்விப்பட்டவர்களுக்கும், மஞ்சள் பிக்காச்சுவைச் சட்டையிலும் புத்தகப் பையிலும் மட்டுமே கண்டவர்களுக்கும் இது பயன்படும்.

பெட்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் விளையாட்டின் குணத்தில் பாதி அந்தப் பெட்டியின் வசதிக்குறைவால் வந்தது. அதன் பெயர் கேம்போய். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1989இல் வெளியிட்டது. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் குன்பே யோக்கோய். திரையில் குறுக்கே 160 புள்ளிகள், நெடுக்கே 144 புள்ளிகள். வேறு நிறம் கிடையாது, பச்சை படர்ந்த நாலு சாயல்கள் மட்டும். திரைக்குள் வெளிச்சமும் இல்லை, ஆகவே யன்னலோரமாய் இருந்துதான் விளையாடவேண்டும். சின்னப் பற்றறி நாலு போடவேண்டும். ஊர்கள், குகைகள், கடல், 151 உயிரினங்கள், பாட்டு என்று போக்கிமொன் சிவப்பின் முழு உலகமும் 1 மெகாபைட்டுக்குள் அடங்கியிருக்கிறது. இன்றைக்குப் போனில் எடுக்கிற ஒரு படமே பெரும்பாலும் அதைவிடக் கூட.

அந்த விளையாட்டு ஜப்பானில் முதன்முதலாகக் கடைக்கு வந்த நாள் 1996 பெப்ரவரி 27. அப்போது எனக்கு ஐந்து வயது. வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒருவருடைய வளவுக்குள் நாலு குடும்பமாக இருந்தோம். மின்சாரம் நின்று ஐந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் பெரியவர்கள் வானொலி கேட்டார்கள். ஆகவே இந்த விளையாட்டு எங்கள் பக்கம் பிந்தித்தான் வந்தது. 2002இல் ஏ9 பாதை திறந்தது. அடுத்த வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கென்று மாமா குடும்பம் ரொறன்ரோவிலிருந்து வந்தது. மச்சானிடம் ஒரு கேம்போய், அவனுடைய தம்பியிடம் ஒரு கேம்போய். மச்சானுடைய கசெற் நீலம், தம்பியுடையது சிவப்பு. தம்பிக்கு ஏற்கெனவே புதிய மொடல் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தபடியால், திரும்பிப் போகும்போது சிவப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அலுமாரியில் இருந்தது அதுதான்.

சரி, இனி விளையாட்டுக்கு வருவோம். இந்த வகையை ரோல் பிளேயிங் கேம் என்று சொல்வார்கள், பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு. நீங்கள் ஒரு சின்னப் பெடியனாக ஊர் ஊராக நடக்கிறீர்கள். மேலிருந்து பார்ப்பதுபோல வீடுகள், மரங்கள், பாதைகள் தெரியும். சண்டை வரும்போது திரை மாறும். போக்கிமொன் என்று சொல்லப்படுகிற உயிரினங்கள் இரண்டு எதிரெதிரே நிற்கும். உங்கள் முறை வரும்போது நாலு வித்தைகளில் ஒன்றைத் தெரிவு செய்கிறீர்கள், மற்றப் பக்கமும் ஒன்றைச் செய்கிறது. தாயம், சதுரங்கம் மாதிரி முறை வைத்து ஆடுவது. கைவேகம் தேவையில்லை. நடுவில் அம்மா கடைக்குப் போகச் சொன்னால் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய் வரலாம், எதிரி அப்படியே காத்துக்கொண்டு நிற்கும். வயது போனவர்களும் நிதானமாக விளையாடலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதற்குள் செய்யவேண்டிய வேலை மூன்று. பிடிப்பது, வளர்ப்பது, மாற்றிக்கொள்வது. மூன்றாவதுதான் இந்த விளையாட்டின் உயிர். ஆனால் முதல் இரண்டையும் விளங்கிக்கொள்ளாமல் அங்கே போக முடியாது.

பிடிப்பது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பூச்சியிலிருந்து வந்தது. இந்த விளையாட்டை உருவாக்கிய சத்தோஷி தஜிரி தோக்கியோவுக்குப் பக்கத்தில் மச்சிடா என்ற இடத்தில் வளர்ந்தவர். சின்ன வயதில் வயலிலும் குளத்தடியிலும் வண்டு பிடித்துத் திரிந்தார். அவர் வளர வளர அந்தக் குளங்களை மூடிக் கட்டடங்கள் வந்துவிட்டன. 1983இல் கேம் ஃபிரீக் என்ற பெயரில் வீடியோ விளையாட்டுகளைப் பற்றி ஒரு சிற்றிதழ் நடத்தத் தொடங்கினார். 1989இல் அதே பெயரில் விளையாட்டு செய்யும் நிறுவனம் பிறந்தது. இரண்டு கேம்போய்களை இணைக்க ஒரு வயர் இருந்தது. அப்போது அந்த வயர் இரண்டு பேர் ஒருவரையொருவர் தோற்கடிப்பதற்கே பயன்பட்டது. தஜிரிக்கு அதைக் கண்டபோது வேறொன்று தோன்றியது: ஒரு பூச்சி அந்த வயருக்குள்ளால் ஊர்ந்து ஒரு பெட்டியிலிருந்து மற்றப் பெட்டிக்குப் போகிறது. அந்த ஒரு காட்சியை விளையாட்டாக்க ஏறத்தாழ ஆறு வருடம் பிடித்தது. உருவங்களை வரைந்த முதன்மை ஓவியர் கென் சுகிமோரி, இசையமைத்தவர் ஜுனிச்சி மசுதா.

எங்கள் வயதுக்காரருக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பொன்வண்டைப் பிடித்து நெருப்புப்பெட்டிக்குள் இலை போட்டு வைத்தவர்கள்தானே நாங்கள். பள்ளிக்கூடத்துக்குக் காற்சட்டைப் பைக்குள் அந்தப் பெட்டி போகும். பச்சை கூட மினுங்குகிற வண்டு வைத்திருப்பவனிடம் இரண்டு சாதாரண வண்டைக் கொடுத்து மாற்றுவோம். முட்டை இட்டதா என்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திறந்து பார்ப்போம். அக்காவின் மகள் பொன்வண்டு கண்டதில்லை. அவளுக்கு இந்த விளையாட்டில் விளங்காமல் இருந்த இடம் அதுதான்.

விளையாட்டில் உயரமான புல்லுக்குள் கால் வைத்து நடந்தால் திடீரென்று ஒன்று எதிரே வரும். கையில் பந்து இருக்கும், எறிந்து பிடிக்கவேண்டும். ஆனால் எடுத்த எடுப்பில் எறிந்தால் பெரும்பாலும் பந்தை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதற்காக அடித்து முழுக்க வீழ்த்தினால் மயங்கிவிடும், பிறகு பிடிக்க முடியாது. அடிக்கவும் வேண்டும், விட்டுவைக்கவும் வேண்டும். உயிர்க்கோடு மெல்லிய கீற்றாகும் வரை குறைத்து, முடிந்தால் நித்திரையாக்கும் வித்தையையோ உடம்பை விறைக்கச் செய்யும் வித்தையையோ பாவித்து, அப்புறம் பந்தை எறிவதுதான் முறை. மற்ற விளையாட்டுகளில் பலமாக அடிப்பவன் வெல்கிறான். இங்கே பலமாக அடித்தவன் வெறுங்கையோடு நிற்கிறான். விரிடியன் காட்டில் பிக்காச்சு வருவது நூற்றுக்கு ஐந்து தடவைதான். பிறகு விளையாடத் தொடங்கிய மருமகள் இரண்டு பின்னேரம் அலைந்து ஒன்றைக் கண்டு, சந்தோசத்தில் பலத்த அடியாக அடித்துவிட்டாள். பிக்காச்சு மயங்கி விழுந்தது. பெட்டியை வைத்துவிட்டுப் போய்க் கிணற்றுக்கட்டில் இருந்தாள். அடுத்த நாள் பிடித்த பிக்காச்சுக்கு எவ்வளவு மெதுவாக அடிக்கவேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது வகை. இங்கேதான் கொப்பியும் பென்சிலும் எடுக்கவேண்டும். ஒவ்வொரு உயிரினத்துக்கும் ஒரு வகை உண்டு, சிலவற்றுக்கு இரண்டு. பழைய விளையாட்டில் மொத்தம் 15 வகைகள். ஆரம்பத்தில் பேராசிரியர் ஓக் உங்களிடம் மூன்றைக் காட்டி ஒன்றை எடுக்கச் சொல்வார்: புல் வகைப் பல்பசோர், நெருப்பு வகைச் சார்மாண்டர், நீர் வகை ஸ்குவெர்டில். நீர் நெருப்பை அணைக்கும், நெருப்பு புல்லை எரிக்கும், புல் நீரை உறிஞ்சும். யாரும் யாருக்கும் மேல் இல்லாத வட்டம் இது. சாதகமான வகையால் அடித்தால் சேதம் இரண்டு மடங்கு, பாதகமானதால் அடித்தால் பாதி. எதிரிக்கு இரண்டு வகை இருந்து இரண்டுமே உங்கள் அடிக்குப் பலவீனமானால் இரண்டும் பெருகி நாலு மடங்கு. சிலது ஒன்றுமே செய்யாது. உதாரணத்துக்கு, மின்சார வகை அடி நில வகையில் படவே படாது. வீட்டு வயறிங்கில் எர்த் ஏன் போடுகிறோம் என்று தெரிந்தவருக்கு இதை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பெரும்பாலான விதிகள் இப்படித்தான், அனுபவத்தில் தெரிந்த உலகத்தை ஒட்டியே இருக்கும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வாலில் நெருப்பு எரிகிறது என்பதற்காக மருமகள் சார்மாண்டரை எடுத்தாள். விளையாட்டில் எட்டு ஊர்களில் எட்டுத் தலைவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் வென்றால் ஒரு பதக்கம். முதலாவது தலைவர் புறொக். அவரிடம் இருப்பவை பாறையும் நிலமும் சேர்ந்த ஜியோடூட், ஒனிக்ஸ். பாறையில் நெருப்பு அடி பாதிதான் படும். இரண்டு தடவை தோற்றாள். ஸ்குவெர்டிலையோ பல்பசோரையோ எடுத்திருந்தால் அந்த நாலு மடங்கு கிடைத்திருக்கும். "திரும்ப முதலிலை இருந்து தொடங்கட்டே?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். காட்டில் கேற்றர்பி என்று ஒரு புழு இருக்கிறது. ஒன்றுக்கும் உதவாதது போலத்தான் தெரியும். 7ஆம் மட்டத்தில் அது கூட்டுப்புழுவாகும், 10ஆம் மட்டத்தில் வண்ணத்துப்பூச்சியாகும், 12ஆம் மட்டத்தில் மனத்தால் தாக்கும் ஒரு வித்தை கற்கும். பாறைக்கு வெளியே ஓடு கடினம், ஆனால் அப்படியான தாக்குதலைத் தாங்கும் சக்தி குறைவு. புழுவாய்ப் பிடித்த பூச்சி எட்டு மீற்றருக்கு மேல் நீளமான கற்பாம்பை விழுத்தியபோது அவள் போட்ட சத்தம் ஒழுங்கை முடக்கு வரை கேட்டிருக்கும். பூச்சி பிடித்துத் திரிந்த ஒருவர் செய்த விளையாட்டு என்பது எனக்கு அந்த இடத்தில் நன்றாகவே தெரிகிறது.

வகைகளில் ஒரு பிழையையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் புதிதாய் விளையாடுபவர் குழம்புவார். ஆவி வகை மனவலிமை வகையை வீழ்த்தும் என்பதுதான் எண்ணம். விளையாட்டுக்குள்ளேயே அப்படிக் கதைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் நிரலில் நடந்த தவறால் ஆவி அடி அவற்றில் படவே படாது. அதனால் மனவலிமை வகை இந்தப் பழைய பதிப்பில் அளவுக்கு மிஞ்சிப் பலமானது. 1999இல் வந்த அடுத்த தலைமுறையில் அதைத் திருத்தி, இருள், இரும்பு என்று இரண்டு வகைகளையும் சேர்த்தார்கள்.

வளர்ப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, செய்யச் செய்யத் தெரிந்துவிடும். ஒவ்வொரு சண்டைக்கும் அனுபவப் புள்ளி, புள்ளி சேர மட்டம் ஏறும், 100தான் உச்சம். ஒரே நேரத்தில் கூடவே கொண்டு திரியக்கூடியது ஆறு. ஒன்றுக்கு நாலு வித்தைதான் ஞாபகம் இருக்கும், ஐந்தாவதைக் கற்கவேண்டுமானால் ஒன்றை மறக்கவேண்டும். எதை மறக்க விடுவது என்பதில் நான் இப்போதும் ஐந்து நிமிடம் யோசிப்பேன்.

ஆனால் மெஜிகார்ப்பைச் சொல்லாமல் போக முடியாது. சந்திரமலைக்கு முன்னால் இருக்கிற போக்கிமொன் வைத்தியசாலையில் ஒரு ஆள் 500 காசுக்கு ஒரு மீன் விற்பார். வாங்கிப் பார்த்தால் அதற்குத் தெரிந்த ஒரே வித்தை துள்ளுவது. துள்ளினால் ஒன்றும் நடக்காது. எல்லாரும் ஏமாந்துவிட்டோம் என்று நினைப்பார்கள். அதைக் கைவிடாமல் 20ஆம் மட்டம் வரை கொண்டுபோனால் கயரடோஸ் என்ற பெரிய கடல்நாகமாக மாறும். துள்ள மட்டும் தெரிந்த மீனை எப்படிச் சண்டையில் வளர்ப்பது? வழி இருக்கிறது. சண்டையின் முதல் முறைக்கு அதை நிறுத்திவிட்டு, உடனே திருப்பிக் கூப்பிட்டுப் பலமான ஒன்றை இறக்கவேண்டும். களத்தில் காலடி வைத்த எல்லாவற்றுக்கும் புள்ளி பங்காகும். 2003இல் மச்சான் எனக்குச் சொல்லித்தந்த முதல் வித்தை இது.

இன்னொரு இடத்திலும் கொஞ்சம் நிற்கவேண்டும். லவெண்டர் என்ற ஊரில் ஒரு கோபுரம் இருக்கிறது. இறந்துபோன போக்கிமொன்களின் கல்லறை அது. மாடிக்கு மாடி கல்லறைகள், முன்னால் அழுதுகொண்டு நிற்கும் மனிதர்கள். மேலே போகவிடாமல் ஒரு ஆவி மறிக்கும். அது குட்டியைக் காப்பாற்றப் போய்ச் செத்த ஒரு தாய் என்று பிறகு தெரியவரும். அதை நீங்கள் பிடிக்க முடியாது. அமைதியாக்கி அனுப்பத்தான் முடியும். பதின்மூன்று வயதில் அந்த மாடியில் நின்றபோது மச்சான் அவசரமாகப் பொத்தானை அமத்திக்கொண்டு போகச் சொன்னான். நான் ஒவ்வொரு கல்லறைக்கு முன்னாலும் நின்று அங்கே நிற்பவர்கள் சொல்வதை வாசித்தேன். எங்கள் வீட்டிலும் அந்த ஒழுங்கையிலும் அப்போது படம் மாட்டி விளக்கு வைக்காத வீடு குறைவு. பிள்ளைகளுக்கான விளையாட்டு ஒன்றில் துக்கத்துக்கென்று ஒரு கட்டடம் கட்டி வைத்திருந்தார்களே என்று அவர்கள்மேல் எனக்கு இன்றுவரை மதிப்பு உண்டு.

இப்போது மூன்றாவதுக்கு வருகிறேன்.

எங்கள் வளவில் கறுத்தக்கொழும்பான் மாமரம். பக்கத்து வளவில் அம்பலவி. இரண்டு வளவுக்கும் நடுவில் கிடுகு வேலி, வேலியில் ஒரு பொட்டு. மாம்பழக் காலம் வந்தால் அந்தப் பொட்டால் ஒரு கடகம் அங்கே போகும், ஒரு கடகம் இங்கே வரும். இரண்டு வீட்டிலும் இரண்டு மரமும் நின்றிருந்தால் அந்தப் பொட்டை யாரோ எப்போதோ அடைத்திருப்பார்கள்.

போக்கிமொன் சிவப்பும் நீலமும் அந்த இரண்டு வளவுகள். கதை ஒன்று, ஊர்கள் ஒன்று, தலைவர்கள் ஒன்று. ஆனால் 11 உயிரினங்கள் சிவப்பில் மட்டும் உண்டு, 11 நீலத்தில் மட்டும். மான்கி என்ற குரங்கு சிவப்பில் கிடைக்கும், மியாவ்த் என்ற பூனை நீலத்தில். கத்திக்கை வெட்டுக்கிளி போன்ற சைத்தர் சிவப்பில், கொம்பு வண்டு போன்ற பின்சிர் நீலத்தில். முதல் மூன்றில் ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் உங்களுக்கு இல்லை. வழியில் கிடைக்கும் இரண்டு புதைபடிவங்களிலும் ஒன்றைத்தான் எடுக்கலாம். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், எத்தனை நூறு மணித்தியாலம் விளையாடினாலும், ஒரு கசெற்றை மட்டும் வைத்துக்கொண்டு, பிடித்த உயிரினங்களைக் குறித்துவைக்கும் பட்டியலை நிரப்ப முடியாது. முடியாதபடிதான் செய்திருக்கிறார்கள். இன்னொரு ஆள் வேண்டும், அந்த ஆளிடம் உங்களிடம் இல்லாதது இருக்கவேண்டும், அந்த ஆளுக்கு வேண்டியது உங்களிடம் இருக்கவேண்டும். இரண்டு பெட்டிக்கும் நடுவில் அந்த வயர்.

அதிலும் நாலு உயிரினங்கள் இருக்கின்றன: கடாப்ரா, மச்சோக், கிரேவலர், ஹோண்டர். இவை எவ்வளவு வளர்ந்தாலும் கடைசி உருவத்தை அடையாது. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறுகிற அந்தக் கணத்தில்தான் மாறும். கொடுத்தால்தான் அது முழுமையாகும். மாறிய பிறகு விரும்பினால் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். மச்சான் வயரோடு போய்விட்டான். ஊரில் வேறு யாரிடமும் இந்தப் பெட்டி இல்லை. என்னிடம் இருந்த ஹோண்டர் 60ஆம் மட்டம் தாண்டியும் ஹோண்டராகவே இருந்தது.

மாற்றிக்கொண்டதற்கு இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது, அது வேகமாக வளரும். பிறருடைய கையில் பிடிபட்ட உயிரினத்துக்கு அனுபவப் புள்ளி ஒன்றரை மடங்கு. இரண்டாவது, முதலில் பிடித்தவருடைய பெயரும் இலக்கமும் அதில் கடைசி வரை இருக்கும். நீங்கள் எவ்வளவு வளர்த்தாலும் அழியாது. பிடித்தவர் வைத்த செல்லப் பெயரும் அப்படியே இருக்கும். ஆனால் உங்களிடம் போதிய பதக்கம் இல்லாவிட்டால் அது சொல்லுக்கேட்காது. ஒரு பதக்கமும் இல்லாதவரிடம் 10ஆம் மட்டம் வரைதான் அடங்கும், இரண்டாவது பதக்கம் வாங்கினால் 30 வரை, நாலாவது வாங்கினால் 50 வரை. இது ஏன் என்று புதிதாய் விளையாடுபவர்கள் கேட்பார்கள். பலமான ஒன்றைக் கடன் வாங்கி எல்லாரையும் அடித்து விழுத்திவிடாமல் இருக்கத்தான்.

மியு என்ற 151ஆவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிரல் எழுதியவர்களில் ஒருவரான ஷிகெக்கி மொரிமோட்டோ, கடைசி நேரத்தில் சோதனைக் கருவிகளை நீக்கியபோது கசெற்றில் மிஞ்சிய கொஞ்ச இடத்தில் அதைப் போட்டுவிட்டார். விளையாட்டின் பாதையில் எங்கேயும் அது கிடைக்காது. ஜப்பானில் 1996இல் ஒரு சஞ்சிகை நடத்திய போட்டி மூலம் முதலில் 20 பேருக்குத்தான் கொடுத்தார்கள். அது எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று உலகம் முழுக்கப் பிள்ளைகள் தேடினார்கள். நானும் தேடினேன்.

இன்றைக்கு விளையாட நினைப்பவர்களுக்குச் சில விசயம். பழைய கசெற்றுக்குள் காசு மாதிரி ஒரு சின்னப் பற்றறி இருக்கிறது. நீங்கள் சேமித்ததை ஞாபகம் வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்தால் எல்லாம் அழிந்துவிடும். மருமகள் பெட்டிக்குப் புதுப் பற்றறி போட்டு அமத்தியபோது ஓசை வந்தது, திரை வந்தது, ஆனால் 'தொடர்க' என்ற வரி இல்லை. என் ஹோண்டர், கயரடோஸ், இருபது வருடத்துக்கு முன்னால் நான் விட்ட இடம், ஒன்றும் இல்லை. யாழ்ப்பாண பஸ் நிலையப் பக்கம் போன் திருத்துகிற ஒரு பெடியன் கசெற்றைத் திறந்து புதிய பற்றறியை ஈயத்தால் பற்றவைத்துத் தந்தான். அதன் திருகாணி வழக்கமான ஆணி இல்லை, அதற்கென்று தனி முனை வேண்டும். கடைக்குப் போகமுன் கேட்டுக்கொண்டு போங்கள். இன்னொன்று, ஒரு கசெற்றில் ஒரு ஆளின் விளையாட்டைத்தான் சேமிக்கலாம். புதிதாய்த் தொடங்கிச் சேமித்தால் பழையது போய்விடும். கடையிலோ இணையத்திலோ பழைய கசெற் வாங்கினால் முதலில் உள்ளே யாருடைய விளையாட்டு இருக்கிறது என்று ஒருக்கால் பாருங்கள். பழைய பெட்டி கிடைக்காதவர்களுக்கு 2004இல் கேம்போய் அட்வான்ஸ் பெட்டிக்கு வந்த நெருப்புச் சிவப்பு, இலைப் பச்சை இருக்கின்றன. அதே கதை, நிறத்தோடு, பிழைகள் திருத்தி. 2018இல் நின்டெண்டோவின் சுவிட்ச் பெட்டிக்கு வந்தது இன்னும் இலகு. இருந்தாலும் யாராவது என்னிடம் கேட்டால் பழைய சாம்பல் பெட்டியைத்தான் சொல்வேன். நாலு சாயலில் தெரிகிற அந்தச் சின்ன உருவத்துக்கு மிச்சத்தை உங்கள் மனம் வரையும், அது அவரவருக்கு வேறு வேறாக வரும்.

ஆவணியில் மச்சான் திருவிழாவுக்கு வந்தான். இந்த முறை மனைவியோடும் பத்து வயது மகளோடும். போனில் நான் முதலே சொல்லியிருந்தபடியால் நீலக் கசெற்றும் கேம்போயும் வயரும் கொண்டு வந்திருந்தான். அவனுடைய பற்றறி இன்னும் சாகவில்லை. 'தொடர்க' என்ற வரி அங்கே இருந்தது.

பிள்ளைகள் இரண்டு பேரும் அக்கா தங்கச்சி முறை. விறாந்தையில் பாய் விரித்து முகத்துக்கு முகம் இருந்தார்கள். மருமகள் தன் கடாப்ராவைக் கொடுத்தாள்; வயருக்குள்ளால் ஒரு பந்து ஊர்ந்து போவதைத் திரை காட்டும், தஜிரி கண்ட அதே காட்சி. மற்றப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் அது அலகசாமாக மாறியது. தங்கச்சி அதைத் திருப்பிக் கொடுக்கும் வரை மருமகள் மூச்சு விடவில்லை. பிறகு மச்சான் தன் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி, "இதை அவளிட்டைக் குடு" என்று மகளுக்கு ஒன்றைச் சொன்னான்.

அது பிறைமேப், 38ஆம் மட்டம். 2003இல் நான் பிடித்து அவனுக்குக் கொடுத்த மான்கி. அங்கே வளர்ந்து உருவம் மாறியிருந்தது. செல்லப் பெயர் 'குரங்கு' என்று ஆங்கில எழுத்தில் நான் வைத்தபடியே இருந்தது. கீழே முதலில் பிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர். என்னுடைய கசெற்றில் நான் அழிந்து கனகாலம். அவனுடைய கசெற்றில் ரொறன்ரோவில் இருபது வருடத்துக்கு மேலாக இருந்திருக்கிறேன்.

அன்று பின்னேரமே குரங்கு சிவப்புக்குத் திரும்பி வந்தது. மருமகளிடம் அப்போது இரண்டு பதக்கம்தான். சண்டையில் இறக்கினாள், அது நித்திரை கொண்டது. மறுபடி சொன்னாள், முகத்தைத் திருப்பிக்கொண்டது. "மாமா, உங்கடை குரங்கு சொல்லுக்கேக்குதில்லை" என்று குசினி வரை வந்து முறைப்பாடு வைத்தாள். நாலாவது பதக்கம் எடுக்கவேணும் என்றேன். அதை வைத்திருக்கிற எரிகா செலடன் நகரத்தில் இருக்கிறாள், அவளிடம் இருப்பதெல்லாம் புல் வகை. மருமகள் கொப்பியைப் புரட்டினாள். புல்லுக்கு நேரே நெருப்பு என்று பென்சிலால் எழுதி, பக்கத்தில் தன் சார்மாண்டரின் இப்போதைய மட்டத்தையும் குறித்து வைத்திருக்கிறாள்.